ஜீரோ பாத்துக்குங்க

“ஏன்டா கண்ணு, ஆனி மாசம் நம்ம தோப்புல காய் பறிக்க ஆளு கிடைக்காம உங்கப்பா தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்ப எல்லாம் ஓசூர்ல ஏசி ரூம்ல இருந்துட்டு, இப்ப ஏரோப்ளேன் ஏறிப் போயி எவனோ ஒருத்தன் தோப்புல மாங்கா பறிக்கப் போறியா?”

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. பதில்தான் என்னிடம் இல்லை. அதைவிடச் சங்கடம், பறிக்கப் போகிறேன் என்பதே முழு உண்மை இல்லை. பறிப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்த ஒருவன், மாங்காய் முற்றுவதற்காகக் கடல் கடந்து வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஊரில் எப்படிச் சொல்வது? அதனால் ‘ஃபாரின்ல இருக்கான்’ என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்கிறாள்.

ஆஸ்திரேலியா 2024-இல் இந்தியர்களுக்கு ஒரு புது விசாக் கதவைத் திறந்தது. ஒரு வருஷம் ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு ஆயிரம் இடம். ஆயிரம் பேர் யார் என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். 25 டாலர் கட்டிப் பெயர் கொடுத்தேன். குலுக்கல் சீட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவைகூட முதல் மாதம் சீட்டு விழுந்ததில்லை, இது விழுந்தது. எனக்கு அப்போது 29. முப்பதைத் தாண்டினால் கதவு சாத்திவிடும் என்ற பயத்தில் வேலையை விட்டேன்.

2025 அக்டோபர். நான் இருப்பது பவன் என்ற ஊர். குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கடற்கரையில், டவுன்ஸ்வில்லுக்கும் மெக்கைக்கும் நட்டநடுவில் இருக்கிறது; எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ஊர் எல்லையில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு மாம்பழத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ஐயனார் நிற்கிற இடம். 2014 பிப்ரவரியில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் பழத்தைக் காணோம். நாடு முழுக்கச் செய்தியாகி, கடைசியில் பார்த்தால் கோழிக்கறி விற்கிற ஓர் உணவக நிறுவனம் விளம்பரத்துக்காகச் செய்த வேலை. பத்து மீட்டர் பழத்தை ஒரே ராத்திரியில் பறித்துக்கொண்டு போக ஆள் கிடைத்த ஊரில், கையளவு பழம் பறிக்க எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

பழம் இன்னும் தயாராகவில்லை என்கிறார்கள். இங்கே கோடை தலைகீழ். நம் பக்கம் சித்திரையில் தொடங்கி ஆடியில் முடிகிற மாம்பழம், பவனில் நவம்பரில்தான் சூடு பிடிக்கும். எங்கள் தாத்தா காயின் தோள் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார், ‘இன்னும் எட்டு நாள்’ என்பார், முடிந்தது விஷயம். இங்கே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காயின் மேல் வைத்து அழுத்துகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, உள்ளே தண்ணீர் போக மிச்சம் சத்து எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. பார்த்துவிட்டு மேஸ்திரி உதட்டைப் பிதுக்குகிறார்: “அடுத்த வாரம் பார்ப்போம், மேட்.” தாத்தாவுக்கும் கருவிக்கும் எனக்குத் தெரிந்து ஒரே வித்தியாசம், தாத்தா சொன்ன நாளில் பறிப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. பவனில் விளைகிற பழத்துக்குக் கென்சிங்டன் பிரைடு என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிருந்து இந்தியாவுக்குப் பட்டாளத்துக் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த மாங்கொட்டைதான் அதன் மூலம் என்பது இந்த ஊர் சொல்லும் வரலாறு. ஆக, பழமும் இந்தியா, பறிக்கிறவனும் இந்தியா. பழம் வந்தபோது விசா கேட்கவில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். சும்மா இருப்பதற்கு வாரம் இருநூறு டாலருக்கு மேல் வாடகை. அறைக்கு எட்டுப் பேர். ஒரு பிரெஞ்சுத் தம்பி, தைவானிலிருந்து ஒரு ஜோடி, அயர்லாந்திலிருந்து எப்போதும் சிரித்துக்கொண்டே கவலைப்படுகிற ஒரு பெண். எல்லோருக்கும் ஒரே தொழில்: போனைப் பார்ப்பது. கல்யாண வீட்டில் பந்தி எழுந்திருக்கக் காத்திருக்கிற முகம் எட்டுப் பேருக்கும்.

கடலில் குளிக்கலாமே என்பீர்கள். ஹார்ஸ்ஷூ பே என்று ஒரு சின்னக் கடற்கரை உண்டு. பாறைக்கு நடுவில் பச்சைத் தண்ணீர், கண்ணைப் பறிக்கும். நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீன் வரும், தொட்டால் ஆள் காலி என்று பலகை. பக்கத்தில் முதலைப் பலகை. ஜெல்லி மீனுக்காவது மாதம் உண்டு, முதலைக்கு மாதமும் கிடையாது. நான் முழங்கால் வரை இறங்கிவிட்டு, கிருஷ்ணகிரி டேமில் குளித்த அனுபவத்தோடு கரையேறிவிட்டேன்.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொதுச்சொத்து, பூங்காக்களில் இருக்கும் மின்சார அடுப்பு. பொத்தானை அமுக்கினால் பெரிய எஃகுக் கல் சூடாகும். காசு கிடையாது. இறைச்சி வாட்டுவதற்காக வைத்தது. தீபாவளியன்று அதில் தோசை வார்ப்பது என்று முடிவு செய்தேன். மாவு நன்றாகப் புளித்திருந்தது. கல்லும் சூடு. ஒரு கரண்டி ஊற்றித் தேய்த்தேன். தோசை மெதுவாக நகர ஆரம்பித்தது. கொழுப்பு வழிந்து போவதற்காகக் கல்லை நடுவை நோக்கிச் சரித்து, நடுவில் ஒரு ஓட்டையும் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் மூன்று தோசைகள் பூமாதேவிக்குப் போய்ச் சேர்ந்தன. நாலாவதை ஓரத்தில் வார்த்து, கரண்டியால் அணை கட்டிக் காப்பாற்றினேன். ஆஸ்திரேலியா வடிவத்தில் வந்தது.

இனி என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோப்புகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. வண்டி இல்லாதவனுக்கு வேலை இல்லை. பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று வாங்கினேன். மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அவர்கள் மனம் வருந்தும். பின்சீட்டை மடக்கி அதன்மேல் மெத்தை போட்டிருக்கிறது. எனக்கு முன்னால் எத்தனை பேர் இதில் தூங்கியிருக்கிறார்கள் என்பதைக் கூரையில் எழுதியிருக்கும் பெயர்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். மண்டபத்துப் பாத்திரம் மாதிரி கைமாறி வந்த வண்டி. நூறு கிலோமீட்டருக்குப் பதிமூன்று லிட்டர் குடிக்கிறது. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் அந்தப் பதிமூன்று லிட்டரை ஊற்றினால் அவர் சேலம் போய், தங்கி, கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் போய்வருவார்.

இங்கே பெட்ரோல் பங்க்குக்குச் ‘சர்வோ’ என்று பெயர். நம்மூர் பங்க்கில் ஒரு அண்ணன் இருப்பார். “ஜீரோ பாத்துக்குங்க” என்பார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை சத்தியம், எத்தனை சந்தேகம்! நாமும் வண்டியை விட்டு இறங்கி, அந்த ஜீரோவை முறைத்துப் பார்ப்போம். நூறு ரூபாய்க்குப் போட்டால் அளவு குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி நூற்றுப் பத்துக்குப் போடச் சொல்வோம். சர்வோவில் அண்ணனே கிடையாது. நீயே குழாயை எடுத்து, நீயே போட்டு, உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும். முதல் நாள் குழாயைக் கையில் பிடித்தபடி யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானே சத்தமாக, “ஜீரோ பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். பக்கத்துக் குழாயில் நின்ற பெரியவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

விலைப்பலகையில் 182.9 என்று போட்டிருந்தது. லிட்டருக்கு இத்தனை சென்ட். அந்தப் புள்ளி ஒன்பது என்னைத் தூங்கவிடவில்லை. இந்த நாட்டில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் நாணயங்களை 1992-இலேயே புழக்கத்திலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சென்ட்டே இல்லாத ஊரில் பத்தில் ஒன்பது சென்ட்டை யாரிடம் வாங்கி யாரிடம் கொடுப்பது? நோட்டாகக் கொடுத்தால் மொத்தத்தை அஞ்சு சென்ட்டுக்கு முழுசாக்கிவிடுவார்கள். அதாவது 20 டாலர் 2 சென்ட்டுக்குப் போட்டால் 20 டாலர்தான். 20 டாலர் 3 சென்ட் ஆகிவிட்டால் 5 சென்ட்டாகிவிடும். வேலையில்லாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குழாயின் விசையைச் சொட்டுச் சொட்டாக அழுத்தி, மருந்து ஊற்றுகிற மாதிரி, சரியாக 2 சென்ட்டில் நிறுத்தப் பழகினேன். மூன்று வாரத்தில் மொத்தம் 8 சென்ட் லாபம். ஒரு தடவை கை நடுங்கி 3-இல் நின்றது. 2 சென்ட் நஷ்டம். நிகர லாபம் 6 சென்ட்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கள் வீட்டு வியாதி. அப்பா எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, சாப்பிட்டியா என்பதல்ல. “அங்க பெட்ரோல் என்ன விலை?” எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குப் பக்கம். அங்கே வரி அதிகம் என்பதால் குப்பம் பக்கத்து வண்டிகள் எங்கள் பக்கம் வந்து போட்டுக்கொண்டு போகும். அப்பாவைப் பொறுத்தவரை ஒரு நாடு நல்ல நாடா என்பது பலகையில் தெரிந்துவிடும். நான் ரூபாயில் மாற்றிச் சொன்னேன்: “நூத்தி அஞ்சு ரூபா சுமாருப்பா.”

“அட, நம்மூர் விலைதான்! இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போன?”

உண்மைதான். மூன்று நாலு ரூபாய் முன்னே பின்னே, அவ்வளவுதான். விலை ஒன்று, ஆனால் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. நம் நாட்டில் 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று ஏற்பாடு. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்தார்கள். அதற்கப்புறம் நான் விமானம் ஏறும்வரை தினமும் காலை ஆறு மணி தவறாமல் வந்தது, விலைதான் எழுந்திருக்கவில்லை. இங்கே சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் போன்ற பெருநகரங்களில் விலை சுழலும்: ஒரு நாள் சட்டென்று ஏறும், பிறகு பல வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அடிமட்டம் வந்ததும் மறுபடி ஏறும். பெர்த் நகரம் இருக்கும் மாநிலத்தில் 2001 முதல் ஒரு சட்டம். நாளைய விலையை இன்று மதியம் இரண்டு மணிக்குள் அரசாங்கத்திடம் சொல்லிவிட வேண்டும்; காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை மாற்றக் கூடாது. ராசிபலன் மாதிரிதான், ஆனால் பலிக்கும். எங்கள் பவனில் சுழற்சியும் இல்லை, ஜோசியமும் இல்லை. விலை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், எங்களைப் போல.

ஹாஸ்டல் திண்ணையில் உட்கார்ந்தால் பலகை தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை 182.9 என்பது 184.9 ஆயிற்று. பிரெஞ்சுத் தம்பி எழுந்து நின்றுவிட்டான். அரை மணி நேரம் எட்டுப் பேரும் அதைப் பற்றியே பேசினோம். யார் காரணம் என்ற விசாரணையில் எனக்குத் தெரிய வந்தது இது: இந்தக் கண்டம் பூராவுக்கும் மிச்சமிருப்பது இரண்டே சுத்திகரிப்பு ஆலைகள். ஒன்று ஜிலாங்கில், ஒன்று பிரிஸ்பேனில். மீதிப் பெட்ரோல் கப்பலில் வருகிறது. விலைக்கு அளவுகோல் சிங்கப்பூர்ச் சந்தை. இந்தியா ஆஸ்திரேலியாவுக்கு விற்கும் பெரிய சரக்குகளில் ஒன்றே சுத்திகரித்த எண்ணெய்தான். குஜராத்தில் காய்ச்சிய பெட்ரோல் என் வண்டிக்குள் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. குலுக்கல் இல்லை, 25 டாலர் இல்லை, இங்கிலீஷ் பரீட்சை இல்லை, நேராக உள்ளே வந்துவிட்டது. பதிலுக்கு இவர்கள் பவனுக்கு வடக்கே அபாட் பாயிண்ட் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு நிலக்கரி அனுப்புகிறார்கள். அவர்கள் கரி அங்கே, நம் எண்ணெய் இங்கே. நடுவில் நான்.

பெட்ரோலுக்கு அப்போது லிட்டருக்கு அரை டாலருக்கு மேல் வரி. அதை வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொள்கிறார்கள். நம்மூரில் ஆடித் தள்ளுபடி நடக்கிற நேரம் இங்கே ஆகஸ்ட் ஏற்றம். தோப்புக்குள் ஓடுகிற டிராக்டருக்கு இந்த வரியை விவசாயி திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தோப்பில் வேலை இருக்கிறதா என்று கேட்க வருகிற என் வண்டிக்குக் கிடையாது.

அப்படித்தான் ஒரு நாள் கும்லு என்ற இடத்துக்குப் போனேன். பவனிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஒரு தோட்டத்தில் ஆள் எடுப்பதாக அயர்லாந்துப் பெண்ணுக்கு யாரோ சொல்லி, அவள் எனக்குச் சொல்லி, நான் போய் நின்றேன். தோட்டக்காரர் அன்பாகச் சொன்னார், “அடுத்த வாரம் வா.” போக வர 120 கிலோமீட்டர். பதினஞ்சரை லிட்டர். 28 டாலர். மூன்று வார்த்தைக்கு 28 டாலர், வார்த்தைக்கு ஒன்பது டாலருக்கு மேல். எந்தப் பத்திரிகையும் யாருக்கும் இந்த ரேட் கொடுத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அப்பாவின் ‘நம்மூர் விலைதான்’ என்பதில் எங்கே இடிக்கிறது என்று யோசித்தேன். பெட்ரோலை ரூபாயில் அளந்தால் இரண்டு ஊரும் ஒன்று. வேலை செய்கிற நேரத்தில் அளக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து இங்கே தினக்கூலி ஆளுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 31 டாலர் 19 சென்ட். ஒரு லிட்டர் சம்பாதிக்க மூன்றரை நிமிடம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் ஒரு நாள் கூலி 336 ரூபாய். மூன்றே கால் லிட்டர் வரும். நாள் முழுக்க மண் சுமந்தாலும் ஒரு எக்ஸெல் டேங்க்கூட நிறையாது. இவ்வளவு அழகான சூத்திரத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். எனக்கு வேலை இல்லை. மணிக்கு ஜீரோ டாலர். ஜீரோவால் வகுக்கக் கூடாது என்று எட்டாம் வகுப்பு வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லியிருக்கிறார். அதாவது, வேலையில்லாதவனுக்குப் பெட்ரோல் என்ன விலை என்பதற்குக் கணிதத்திலேயே விடை இல்லை.

நவம்பர் இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு எட்டுப் போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. நாளை காலை ஐந்தரைக்கு வரவும். முழுக்கைச் சட்டை கட்டாயம்.

எல்லோருக்கும் சேர்த்து இரண்டு வண்டி. என் வண்டியில் நாலு பேர். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. சர்வோவுக்குப் போனால் 186.9. யாரும் வாய் திறக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் தங்கத்தின் விலையைப் பேசுவார்களா? நான் குழாயை எடுத்தேன். பிரெஞ்சுத் தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொண்டைக்குள் ஏதோ உருட்டுகிற மாதிரி, “ஜீகோ பாத்துக்குங்க” என்றான். மூன்று வாரமாக என்னோடு வந்து வந்து கற்றுக்கொண்டிருக்கிறான். பார்த்துக்கொண்டேன். 40 டாலர் 2 சென்ட்டில் நிறுத்தினேன்.

தோப்பில் பறிக்கிற முறை வேறு. இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி ஒரு வண்டி மரங்களுக்கு நடுவே ஊர்ந்து போகும். பறித்த காயை அதன் ஈரப் படுதாவில் போட்டால், சோப்புத் தண்ணீர் காயின் பாலைக் கழுவிக்கொண்டே போகும். மாம்பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று காலையில் பதினைந்து நிமிடம் பாடம் எடுத்தார்கள். நான் பின்வரிசையில் நின்று புன்னகை செய்தேன். மாங்காயைப் பற்றி எனக்கா? தொரட்டிக்கோலைத் தொட்டுப் பிறந்தவனுக்கா? சாயங்காலம் தைவான் ஜோடிக்கு ஒன்றும் இல்லை, அயர்லாந்துக்கு ஒன்றும் இல்லை, பிரான்ஸ் பளபளவென்று இருந்தது. கிருஷ்ணகிரிக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்து வீங்கியிருந்தது.

அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “தேங்காண்ணெ தடவிக்கிட்டுப் போகத் தெரியாது?” என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

“பெட்ரோல் என்ன விலை?”

“மூணரை நிமிஷம்ப்பா.” சூத்திரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நிமிசமெல்லாம் எனக்கு வேணாம். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ மாங்கா போடணும்?”

2025 ஆனியில் எங்கள் பெங்களூரா மாங்காய் கிலோ நாலு ஐந்து ரூபாய்க்குப் போயிற்று. கூழ் ஆலைகள் வாங்கவில்லை. பறிகூலி கட்டாது என்று பல பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். அப்பா ஒரு லிட்டர் பெட்ரோல் போட இருபது கிலோவுக்கு மேல் மாங்காய் விற்க வேண்டியிருந்தது. அவர் கணக்கு அதில் நிற்கிறது. இங்கே கடையில் ஒரு பழம் மூன்று டாலர் என்று பார்த்திருந்தேன்.

“கிலோ எல்லாம் இல்லப்பா. ஒரு பழத்துல முக்காப் பழம் கூட வேணாம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார், “அது கடை விலைடா. தோட்டத்துக்காரனுக்குக் கையில என்ன நிக்கும்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் டீ இடைவேளையில் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டேன். மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். ஆள்கூலி என்றார், அட்டைப்பெட்டி விலை என்றார், பிரிஸ்பேன் மார்க்கெட்டுக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் லாரி வாடகை என்றார், எல்லாத் தோப்பும் ஒரே வாரத்தில் காய்த்துத் தொலைத்தால் விலை என்ன ஆகும் என்று வானத்தைக் கேட்டார். கணக்கு மட்டும் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆமாம், உங்க ஊர்ல டீசல் என்ன விலை?”